பீரோவில் இருக்கிற புத்தகத்தை யார் வாசித்துக் காட்டுவது?

"கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கோம்" என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். சரி, யார் உட்கார்ந்து வாசித்துக் காட்டப் போகிறார்கள்? பல பேருக்கு இந்தக் கேள்வி புரிவதில்லை. புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளே எடுத்துப் படித்துக்கொள்ள மாட்டார்களா என்கிறார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை எடுத்துப் படிக்கும். எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளைக்குத் திறந்த பீரோவும் பூட்டிய பீரோவும் ஒன்றுதான்.

மன்னார்குடிப் பக்கம் நான் சில வருடங்களாகப் போய் வருகிற ஒரு சின்ன ஊரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் விவசாயக் கூலிக் குடும்பங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்த பிறகு அப்பாக்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மாக்கள் நூறு நாள் வேலைக்கும், கிடைக்கிறபோது களை பறிக்கவும் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டிகளின் பொறுப்பு. பள்ளிக்கூடமே போகாத பிள்ளை என்று அங்கே யாரும் இல்லை. மதிய உணவு, சீருடை, சைக்கிள், 2022இலிருந்து காலை உணவு என்று ஒவ்வொன்றாக வந்து அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டன. இது சாதாரண விஷயமில்லை. எத்தனையோ மாநிலங்கள் இன்னும் தொடாத இடம். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கெல்லாம் வாசிக்க வந்துவிடுகிறது என்று சொல்ல முடியாது.

பிரதம் என்கிற கல்வித் தொண்டு அமைப்பு 2005இலிருந்து கிராமப்புறங்களில் எடுத்துவரும் அசர் கணக்கெடுப்பு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன் முறை ரொம்ப எளிமை. வீட்டு வாசலில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, கொஞ்சம் நீளமான கதை ஒன்று. அந்தக் கதை இரண்டாம் வகுப்புத் தரம். அகில இந்திய அளவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம். கொரோனா மூடலுக்குப் பிறகு 2022இல் 20.5 சதவீதம். அந்த வருடம் ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தங்கள் வகுப்புக்குக் கீழே உள்ள கதையையே வாசிக்க வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாம் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அனுப்புகிறவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரித்துப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெட்டிகளைத் திண்ணையில் கொட்டித் தரம் பிரித்தோம். பழைய பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்பு கைடு. வங்கித் தேர்வு வினா விடை. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர் போட்ட என்ஜினீயரிங் புத்தகம். தேதி முடிந்த டைரிகள். பொடி எழுத்து ஆங்கில நாவல்கள். விடையெல்லாம் ஏற்கெனவே பென்சிலால் எழுதி முடிக்கப்பட்ட ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்கள். அத்தனையிலும் ஏழெட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கிற மாதிரித் தேறியவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டன.

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருவன் அந்த என்ஜினீயரிங் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. "அக்கா, இதுல பம்ப்செட் போட்டிருக்கு பாருங்க" என்றான். உண்மைதான். பம்பின் குறுக்குவெட்டுப் படம், அம்புக்குறி போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஆங்கிலத்தில் பெயர். அவன் தாத்தா பம்ப்செட் கொட்டகையில் காவல் இருப்பவர். "இது என்ன, இது என்ன" என்று விரல் வைத்து வைத்துக் கேட்டான். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பம்ப்செட் பற்றி அவன் வயதுக்கு, அவன் மொழியில், அவனுக்கு விளங்குகிற மாதிரி ஒரு புத்தகம் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் அவன் அதைப் பத்து முறை படித்திருப்பான். அந்த ஆர்வம் அவனிடம் தயாராக இருந்தது, புத்தகம்தான் இல்லை.

இதே மன்னார்குடிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. 1931 அக்டோபரில், பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. ஓய்வுபெற்ற என்ஜினீயரான எஸ்.வி.கனகசபைப் பிள்ளை செய்த ஏற்பாடு. பின்னணியில் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். நூலகம் என்றாலே பட்டணத்துப் படித்தவர்களின் சொத்து என்றிருந்த காலத்தில், வண்டி கட்டிக்கொண்டு புத்தகத்தைக் கிராமத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். வண்டிப் பாதையாக இருந்த காலத்தில், சேறும் வாய்க்காலும் தாண்டி, வாசகர் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் தேடிப் போயிருக்கிறார்களே!

நூலகங்களுக்காக ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே 1931இல்தான். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்ததைச் சொல்லி, அந்தப் பூட்டி வைக்கும் புத்தி எப்படி எல்லாம் தொடர்கிறது என்று அவர் விளக்குவார். நம் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தால் சங்கிலி இன்னும் அறுபடவில்லை என்று தோன்றும். புத்தகங்கள் பீரோவில் இருக்கும். சாவி தலைமையாசிரியர் மேஜையில் இருக்கும். ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பொருள் அது. ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்து இரண்டு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். கிழிந்தாலும் கணக்கு, தொலைந்தாலும் கணக்கு. யாரும் படிக்கவில்லை என்றால் மட்டும் எந்தக் கணக்கிலும் அது வராது. இப்படி ஒரு ஏற்பாட்டில் எந்த மனுஷருக்குப் புத்தகத்தை வெளியே எடுத்துக் கொடுக்கத் துணிச்சல் வரும்? எத்தனை புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை புத்தகம் பழசாகிக் கிழிந்தது என்று எண்ண ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் நினைக்கிறேன்.

பொது நூலகங்கள் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம். அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான் நாம் சொத்துவரியோடு சேர்த்துக் கட்டுகிற நூலக வரி. இப்போது ரூபாய்க்கு 10 காசு. அப்புறம் 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மொத்தம் இருந்த 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் ஐந்து வருடத்தில் ஆளுக்கொரு நூலகம் என்று திட்டமிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஊராட்சிக்கு ஒரு நூலகம்! கட்டடமும் வந்தது, புத்தகமும் வந்தது. பார்த்துக்கொள்கிறவருக்குச் சொற்ப மதிப்பூதியம். எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடம் கொஞ்ச நாளில் பூட்டிக் கிடந்தது. நான் பார்த்த ஒன்றில் ஊராட்சியின் குப்பை வண்டியும் பழைய டியூப்லைட்டுகளும் இருந்தன. சுவரில் திருவள்ளுவர் படம் மட்டும் மிச்சம்.

பூட்டாமல் இருக்கிற இடத்திலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியூரிலிருந்து உதவ வருகிறவர்கள் கண்ணுக்கு அது படாது. நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது? நான் போகும் ஊரில் அது ஊர்த்தெருவில், கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலனிப் பிள்ளைகள் அங்கே போகக் கூடாது என்று யாரும் போர்டு மாட்டவில்லை. ஆனால் பிள்ளைகள் போவதில்லை. "அங்க போனா யாரு வூட்டுப் புள்ளன்னு கேப்பாங்க அக்கா" என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குப் பொதுவாகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்கிற எதுவும் தானாகக் காலனிக்கு வந்து சேராது. அதனால்தான் நாங்கள் சாயந்திரம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதைக் காலனியின் சமுதாயக்கூடத் திண்ணையிலேயே வைத்துக்கொண்டோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலரும் இப்போது சைக்கிளில் அங்கே வருகிறார்கள். ஆரம்பத்தில் சில வீடுகளில் முணுமுணுப்பு இருந்தது. பிள்ளைகள் கேட்கவில்லை, கதைக்காக வந்துவிட்டார்கள்.

புத்தகத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்தைவிடப் பலமான சாட்சிகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் அக்ஷரா அறக்கட்டளை நடத்திய பள்ளி நூலகத் திட்டத்தை ஆராய்ச்சியாளர்கள் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில பள்ளிகளுக்கு நூலகம் கிடைத்தது, சிலவற்றுக்கு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து மொழித் தேர்வு வைத்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இன்னொன்று, 1990களின் நடுவில் மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளில் நடந்தது. ஒரு தொண்டு நிறுவனம் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தது. மதிப்பெண் உயரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் உயர்ந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் பிரதமின் வாசிப்பு வகுப்புகளை ஆராய்ந்தவர்கள். எங்கள் திண்ணையில் கொட்டிய அந்த ஆங்கிலப் புத்தகங்களை இலவசமாகத் தருகிறவர்கள் இந்தக் கென்யா கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 நாள் வாசிப்பு இயக்கம் நடந்தது. பிள்ளைகளின் வயதுக்கேற்ற கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், தினமும் ஒரு மணி நேரம் போல வாசிப்பும் விளையாட்டும். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது. ஆனால் திட்டம் முடிந்து சில மாதத்தில் அந்த முன்னேற்றத்தில் பாதி கரைந்தும் போனது. எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். ஒரு மாதம் செய்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால், அந்த ஒரு மாதத்தின் பலன் பிள்ளையிடம் நிற்காது.

வாசித்துக் காட்டுவது என்று நான் எதைச் சொல்கிறேன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திண்ணையை நடத்துகிறவள் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெண். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். சாயந்திரம் ஆறு மணிக்குப் பாய் விரிப்பாள். கையில் ஒரே ஒரு புத்தகம். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், படத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வரி. பிள்ளைகள் பக்கம் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வாசிப்பாள். முதல் தடவை அவள் மட்டும். இரண்டாம் தடவை எல்லோரும் சேர்ந்து. மூன்றாம் தடவை, யாருக்கு வேண்டுமோ அவர்கள். யாரையும் எழுப்பி நிற்க வைத்து "நீ படி" என்று கேட்பதில்லை. அது அவளே போட்ட சட்டம். "ஸ்கூல்ல அப்படி நிக்க வச்சதுலதான் எனக்குப் படிப்பே பயமாப் போச்சு" என்பாள்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவள் பக்கத்தில் ஒட்டி உட்காருவான். பாடமெல்லாம் காதால் கேட்டு மனப்பாடமாகச் சொல்லுவான், நோட்டில் பார்த்து அழகாக எழுதவும் செய்வான். புதிய வரி ஒன்றை நீட்டினால் நின்றுவிடுவான். அவன் எங்கே நிற்கிறான் என்று அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். கொக்கு என்று இருந்தால் முதலில் கொம்பைப் பார்த்து "கெ" என்பான், பின்னால் இருக்கும் காலைத் தனி எழுத்து என்று நினைத்து "ஆ" என்பான், அப்புறம் "க்கு". மூன்றும் சேர்ந்தால் அவன் வாழ்க்கையில் பார்த்த எந்தப் பறவையும் வராது. வயலில் தினமும் அவன் கல்லெறிந்து விரட்டுகிற கொக்குதான் அது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. இவள் என்ன செய்தாள் என்றால், கொ, கோ, பொ, போ வருகிற சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி, கொம்பையும் காலையும் சிவப்பு மையில் போட்டு, நடுவில் இருக்கும் எழுத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி கையால் செய்து காட்டினாள். சில வாரங்கள் ஆயிற்று. அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் எழுதியிருந்த "கோட்டூர்" என்கிற பெயரை அவனாகவே படித்துவிட்டு ஓடி வந்து சொன்னான். ஐந்து வருடமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இத்தனை நாள் யாருக்கும் நேரம் இல்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, பதிவேடும் ஆன்லைன் விவரமும் ஏற்றிக்கொண்டிருக்கிற பள்ளியில் அவரால் எப்படி முடியும்?

இதைப் புத்தகம் செய்யாது, செல்போன் ஆப்பும் செய்யாது. உட்கார்ந்து கவனிக்கிற ஆள்தான் செய்ய முடியும்.

அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. தர்மம் செய்கிறவர்களுக்குப் புத்தகத்துக்குப் பணம் கொடுப்பது பிடிக்கிறது. அலமாரி, ஃபேன், பெயர்ப்பலகை இதற்கெல்லாம் பிடிக்கிறது. ஆளுக்குச் சம்பளம் என்றால் முகம் மாறுகிறது. "அது சேவையாத்தானே செய்யணும்?" என்கிறார்கள். சேவை செய்கிறவளுக்கும் மாதக் கடைசியில் அரிசி வாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், கெண்டக்கி மலைக் கிராமங்களுக்குக் குதிரையில் புத்தகம் கொண்டுபோகும் திட்டம் ஒன்று 1935இலிருந்து 1943 வரை நடந்தது. போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். புத்தகங்கள் அநேகமாக எல்லாமே நன்கொடையாக வந்த பழசுகள். அரசாங்கப் பணம் முக்கியமாக அந்தப் பெண்களின் சம்பளத்துக்குப் போனது, மாதம் 28 டாலர். ஆற்றைக் கடந்து, மலை ஏறி, படிக்கத் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். கிழிந்த புத்தகங்களைத் தைத்திருக்கிறார்கள், கிழிந்த பத்திரிகைகளை வெட்டி ஒட்டிப் புதிய தொகுப்புகள் செய்திருக்கிறார்கள். எதற்குக் கூலி, எதற்கு நன்கொடை என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நம் ஊர் அறிவொளி இயக்கத்தை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தில் 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகக் கலைக்குழுவோடு போனார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற பெண்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள், ஆயிரக்கணக்கில் கற்றார்கள். என் பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான். தாவணி போட்ட பெண்கள் சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகியதை அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்வார். அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத இளைஞர்கள். அந்த உற்சாகத்தை எந்தப் பணமும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அது எத்தனை வருடம் தாங்கும்? அவர்களுக்குக் கல்யாணம் ஆனது, வேலை தேடி வெளியூர் போனார்கள். கற்றுக்கொண்ட அக்காக்களில் பலர், வாசிக்க ஒன்றும் கையில் இல்லாமல், கையெழுத்துப் போடுவதோடு நின்றுபோனார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான். பஸ் போர்டு படிப்பார், ரேஷன் கார்டு படிப்பார். கதை ஒன்றைக் கொடுத்தால் "கண்ணு தெரியல, நீயே படி" என்பார்.

இதனால்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பைச் சரிக்கட்ட, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தெருவிலேயே மாலை வகுப்பு. தன்னார்வலர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், அதே தெருக்காரர்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை குறைவுதான், ஆனாலும் ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்கிற கொள்கை சரியானது. எங்கள் திண்ணைப் பெண்ணும் அதில் வந்தவள்தான். பிறகு வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். அரசு போட்ட புத்தகங்களிலேயே பிள்ளைகள் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு படித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். காலப்போக்கில் மையங்கள் குறைந்தன. எங்கள் தெருவில் நின்றுபோனபோது அவளை விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து அவளுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுத்துத் தொடர்கிறோம்.

புத்தகத்துக்கு நாங்கள் செலவழிப்பது அதைவிட ரொம்பக் குறைவு. தமிழில் சிறுவர்களுக்கு நல்ல மெல்லிய புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. பிரதம் புக்ஸ் 2015இலிருந்து ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளையும் நிலைவாரியாக இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் எங்களுக்கு அடக்க விலைக்குக் கலர் பிரின்ட் எடுத்து நடுவில் பின் அடித்துத் தருகிறார். ஒரே கதையில் நாலைந்து பிரதிகள் எடுப்போம். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு போட்டி போட்டுப் படிப்பதில் இருக்கிற சந்தோஷம், நூறு வெவ்வேறு புத்தகத்தில் இல்லை.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். முதலில் கொடுத்தபோது எட்டு வயதுப் பெண் ஒருத்தி புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "கிழிஞ்சா திட்டுவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை நகரவே இல்லை. திட்ட மாட்டோம் என்று சொன்னோம். அவர்கள் வீடு கூரை வீடு. மழை பெய்தால் ஒழுகும். ஒரு பாலித்தீன் பையில் புத்தகத்தைச் சுருட்டி எரவாணத்தில் செருகி வைத்திருந்தாள் என்று பின்னால் அவள் பாட்டி சொன்னார். ராத்திரி அந்தப் புத்தகத்தை அவள் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். பாட்டி நடுவில் புகுந்து "அந்த நரி அப்படிச் செஞ்சிருக்காதே" என்று கதையையே மாற்றச் சொல்கிறாராம். எழுத்து தெரியாத பாட்டிக்கு ஆயிரம் கதை தெரியும். அந்தக் கதைகளைப் பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டு வர, எங்கள் திண்ணைப் பெண் அவற்றைப் படம் போட்டுத் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருக்கிறாள். அதிகம் பேர் எடுத்துப்போவது அந்தப் புத்தகங்களைத்தான்.

கிழிகிறது, தொலைகிறது, ஆடு தின்றுவிடுகிறது. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டுதான் வாங்குகிறோம். திருப்பித் தராத பிள்ளையை யாரும் கேட்பதில்லை. வராமல் நின்றுவிடுவதைவிடப் புத்தகம் போவது மேல்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு தாண்டிய பையன்கள் வருவதே இல்லை. செல்போன் கிரிக்கெட்டும் கேட்டரிங் வேலையும் இழுத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு வயதுக்குப் பெரிய விஷயமும் வாசிப்புக்குச் சின்ன வரிகளும் சேர்ந்த புத்தகம் வேண்டும். தமிழில் அப்படி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பதிமூன்று வயதுப் பையனிடம் முயல் கதையை நீட்டினால் அவனுக்கு அவமானம். பைக் எப்படி ஓடுகிறது, போர்வெல் எப்படிப் போடுகிறார்கள், கபடியில் எப்படிப் புள்ளி எடுப்பது என்று எளிய வரிகளில் யாராவது எழுதினால் அச்சடிக்கிற செலவு எங்களுடையது. எழுதத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவு செய்து யோசியுங்கள்.

அடுத்த தை மாதம் எங்கள் திண்ணைப் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கேயும் திண்ணை ஒன்று பிடித்து ஆரம்பிப்பேன் என்கிறாள், நிச்சயம் செய்வாள். இங்கே அவள் இடத்துக்கு அதே தெருவில் இரண்டு பெண்களை இப்போதே பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். இருவருக்குமான ஒரு வருடச் சம்பளத்தை முழுசாகக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர்களிடம் சம்மதம் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பாதியில் நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது. இன்னும் பாதித் தொகை சேர வேண்டும். பழைய புத்தகப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் அதை எடைக்குப் போட்டு அந்தப் பணத்தை அனுப்பினால்கூடப் போதும், வாங்கிக்கொள்கிறோம்.